வயது வந்தோர்க்கான திரைப்படங்களில் இணைப்பொருத்தமும் தயாரிப்பு முறையும்: தருமபுரி மாவட்டப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திரையில் இருவர் நெருங்கி நடிக்கும்போது பார்வையாளர் உணரும் ஈர்ப்பைப் பத்திரிகைகள் 'கெமிஸ்ட்ரி' என்னும் சொல்லால் குறிக்கின்றன. இவ்வீர்ப்பு நடிகர் இருவரின் உடலிலிருந்தும் மனத்திலிருந்தும் இயல்பாக எழுவது என்பது பொதுக் கருத்து. 'ஏ' சான்றிதழ் பெற்ற குறைந்த முதலீட்டுப் படங்களில் அவ்வீர்ப்பு ஒளிப்பதிவு, மாற்றுநடிகர், இரவல் குரல், படத்தொகுப்பு, திரையரங்க ஒட்டு ஆகியவற்றால் உருவாக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் 'ஒப்பு' என்னும் கருத்து இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. திரையில் தெரியும் ஈர்ப்பை நடிகையின் இசைவுக்குச் சான்றாகக் கொள்ளல் பிழை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இணைப்பொருத்தம், மெய்ப்பாடு, ஒப்பு, 'ஏ' சான்றிதழ், பிட்டுப் படம், சேலம் ஏரியா, இசைவு.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் பெரிதும் அரசியல், சாதி, நட்சத்திர வழிபாடு, பாடல் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. நகரப் பேருந்து நிலையங்களுக்கு அருகிலும் சிற்றூர்க் கொட்டகைகளிலும் காலைக் காட்சியாக ஓடிய படங்கள் ஆய்வுப் பொருளாகக் கருதப்பட்டது அரிது. அவற்றைப் பார்த்ததாக ஒப்புக்கொள்வோர் குறைவு. அவற்றில் நடித்த பெண்கள் அடைந்த இழிசொல்லோ மிகுதி. பார்த்தவர் மறைந்துகொள்ள, நடித்தவர் மட்டும் பழி சுமக்கும் இந்நிலையே இத்துறையை ஆராய வேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது; 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் திரைப்பட வணிகத்தில் இப்பகுதி இன்றளவும் 'சேலம் ஏரியா'வின் ஒரு பகுதியே. இம்மாவட்டம் திரைப்படத்தோடு இருவகையில் தொடர்புடையது. ஒகேனக்கல் அருவி இதனைப் படப்பிடிப்புக் களமாக்கியது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் முதலிய ஊர்களின் திரையரங்குகள் இதனைக் காட்சிக் களமாக்கின. ஈர்ப்பு படமாக்கப்படும் இடம், அது நுகரப்படும் இடம் ஆகிய இரண்டையும் ஒருசேரக் காண இம்மாவட்டம் உதவுகிறது.

1. 'ஏ' சான்றிதழும் அதன் பொருள் மாற்றமும்

'ஏ' சான்றிதழ் தொடக்கத்தில் பாலியல் காட்சியின் அடையாளமாக இருந்ததில்லை. 1951இல் வெளிவந்த 'மர்மயோகி' தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படமாகக் குறிப்பிடப்படுகிறது. அதற்குக் காரணம் அதிலிருந்த பேய்க் காட்சிகள். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் அனைவருக்குமான படங்களையும் வயது வந்தோர்க்கான படங்களையும் வேறுபடுத்தியது. 1983இல் 'யுஏ', 'எஸ்' ஆகிய பிரிவுகள் சேர்ந்தன. வன்முறை, அச்சம், பாலியல் ஆகிய மூன்றுக்கும் ஒரே எழுத்து வழங்கியபோதிலும், சுவரொட்டியில் அவ்வெழுத்து பெரிதாக்கப்பட்டபோது அது பாலியலை மட்டுமே குறிக்கும் விளம்பரமாக மாறியது.

இந்தியாவில் நேரடிப் பாலுறவைக் காட்டும் படங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. எனவே திரையரங்கை எட்டியவை குறிப்பால் உணர்த்தும் படங்களே. 1978இல் ஐ. வி. சசி இயக்கத்தில் சீமா நடித்த 'அவளுடெ ராவுகள்', 1988இல் வெளிவந்த 'ஆதிபாபம்', 1989இல் சில்க் ஸ்மிதா நடித்த 'லயனம்', 2000இல் ஆர். ஜே. பிரசாத் இயக்கத்தில் ஷகீலா நடித்த 'கின்னாரத் தும்பிகள்' ஆகியவை இவ்வரிசையில் குறிக்கத்தக்க மலையாளப் படங்கள். இவற்றுள் முதலாவது, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்வைக் கதையாகக் கொண்ட பெரும்போக்குப் படம். இறுதியானது, குறைந்த முதலீட்டில் எடுக்கப்பட்டுப் பல மொழிகளுக்கு மாற்றப்பட்டுப் பெருவருவாய் ஈட்டிய படம். இரண்டிற்கும் கிடைத்த எழுத்து ஒன்றே. தயாரிப்பு முறையோ முற்றிலும் வேறு.

2. தொல்காப்பியர் கூறும் ஒப்பு

'கெமிஸ்ட்ரி' என்பதற்கு இணையான கருத்து தமிழுக்குப் புதிதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே அமைய வேண்டிய பொருத்தத்தைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் 'ஒப்பு' என்கிறார். பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிலைபெற்ற காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு என அவ்வொப்பு பத்து வகைப்படும். இவற்றுள் பிறப்பு, குடிமை, திரு ஆகியவை அக்காலச் சமூகப் படிநிலையைச் சார்ந்தவை. இன்று அப்படியே ஏற்கத்தக்கவை அல்ல. ஆயினும் உருவு என்பது பத்தில் ஒன்றாக மட்டுமே இடம்பெறுவதும், அருளும் உணர்வும் அதற்கு நிகராக வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கன. ஒருவரை ஒருவர் அறிந்து மதிக்கும் தன்மை இல்லாத இடத்தில் உருவப் பொருத்தம் மட்டும் ஒப்பாகாது என்பது இதனால் பெறப்படும்.

மெய்ப்பாட்டை விளக்கும் உரையாசிரியர்கள் அதனை நான்கு படிகளாகப் பகுப்பர். சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறி உணர்தல், உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பின்கண் தோன்றும் சத்துவம் என்பன அவை. நகை முதலிய எட்டுச் சுவைகளும் இந்நான்கோடு உறழ முப்பத்திரண்டாகும். கண்ணீர் அரும்பல், மயிர் சிலிர்த்தல் போன்ற சத்துவங்கள் முயன்று வரவழைக்க இயலாதவை என்பதால், அகத்தே நிகழ்ந்ததற்குப் புறத்தே தெரியும் சான்றாக அவை கொள்ளப்படுகின்றன.

இந்நான்கு படிகளும் ஓர் உடலில் தொடர்ச்சியாக நிகழ்வன என்பது இக்கோட்பாட்டின் அடிப்படை. அரங்கக் கூத்தில் இது பொருந்தும். திரைப்படத்தில் இத்தொடர்ச்சி கட்டாயமில்லை. ஒருவர் பார்ப்பதும், மற்றொருவர் சிலிர்ப்பதும், மூன்றாமவர் குரல் கொடுப்பதும் வெவ்வேறு நாள்களில் பதிவாகி ஒரே உடலின் மெய்ப்பாடாகத் திரையில் தோன்றலாம். குறைந்த முதலீட்டு 'ஏ' படங்கள் இவ்வாய்ப்பையே முதன்மை உத்தியாக்கின.

3. தயாரிப்பு முறையில் ஈர்ப்பு உருவாகும் விதம்

பெருமுதலீட்டுப் படத்தில் நெருக்கக் காட்சிக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. 1982இல் பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவு செய்த 'மூன்றாம் பிறை'யில் கமல்ஹாசனும் சில்க் ஸ்மிதாவும் ஆடும் பாடல் இதற்கு எடுத்துக்காட்டு. ஒத்திகை பார்க்கப்பட்ட நடன அசைவு, இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சி, ஒருவர் அசைவுக்கு மற்றவர் காட்டும் உடனடி எதிர்வினை ஆகியவை அப்பாடலின் ஈர்ப்பைத் தாங்குகின்றன. கதையில் அது அப்பெண்ணின் ஒருதலை வேட்கையைக் காட்டும் கனவு வெளி. அவ்வேட்கைக்கு உரியவளாக அவள் இருப்பதால், அவள் பார்வைக்குக் கதைக்குள் ஒரு காரணம் இருக்கிறது.

குறைந்த முதலீட்டுப் படத்தில் இவ்வசதி இல்லை. 35 மி.மீ. படச்சுருள் 1000 அடிக்கு ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். சுருளின் விலை தயாரிப்பாளரின் பெருங்கவலை. எனவே ஒத்திகையும் மறுபதிவும் குறைந்தன. ஒரே பங்களா, ஓரிரு அறைகள், இடம் மாற்றப்படாத விளக்குகள், சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ முடியும் படப்பிடிப்பு என்பதே பொது அமைப்பு. இச்சூழலில் ஈர்ப்பை உருவாக்கும் பொறுப்பு நடிகரிடமிருந்து தொகுப்பு மேசைக்கு இடம்பெயர்ந்தது. அதன் கூறுகள் வருமாறு.

முதலாவது, முகத்தின் அண்மைக் காட்சி. நடிகை ஒளிப்பதிவுக் கருவிக்கு வெளியே ஒரு புள்ளியைப் பார்க்கிறார். அடுத்த காட்சியில் ஆணின் முகம் வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. இடையில் விழும் வெட்டே அவர்களை இணைக்கிறது.

இரண்டாவது, மாற்றுநடிகர். முகம் ஒருவருடையது, கழுத்துக்குக் கீழ் உள்ள உடல் வேறொருவருடையது. தம் படங்களில் இம்முறை கையாளப்பட்டதை ஷகீலா வெளிப்படையாகக் கூறியுள்ளார். பெயர் வராத மாற்றுநடிகருக்குச் சிறு ஊதியமும், பெயர் வந்த நடிகைக்குத் தாம் செய்யாத செயலுக்கான பழியும் மிஞ்சின.

மூன்றாவது, இரவல் குரல். படப்பிடிப்பில் ஒலி பதிவாவதில்லை. மலையாளம் தாய்மொழியல்லாத நடிகையருக்குப் பின்னணிக் குரல் கலைஞர் பேசினார். தமிழாக்கத்தில் இன்னொருவர் பேசினார். மூச்சும் முனகலும் சத்துவத்தின் ஒலி வடிவங்கள் எனக் கொண்டால், பார்வையாளர் மெய்யெனக் கொண்ட சான்று ஒலிப்பதிவுக் கூடத்தில் தனித்து நின்ற ஒரு பெண்ணின் தொழில் திறனேயாகும்.

நான்காவது, இடைவெட்டு. பூ, மழை, அணையும் விளக்கு போன்றவை தணிக்கைக்கு அஞ்சி வைக்கப்பட்டவை எனக் கருதுவது வழக்கம். அவை வேறொரு பணியும் செய்தன. பொருந்தாத இரு காட்சிகளுக்கிடையே அவை வைக்கப்பட்டபோது, ஒளியும் உடையும் தலைமுடியும் மாறியிருப்பது கண்ணுக்குப் புலப்படவில்லை.

இந்நான்கும் சேரும்போது மெய்ப்பாட்டின் நான்கு படிகளும் நான்கு மனிதரிடையே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. திரையில் தெரியும் ஒப்பு எவரிடையேயும் நிகழாத ஒப்பு.

4. ஒகேனக்கல்: அருவி என்னும் களம்

ஈர்ப்பை உருவாக்குவதில் களத்துக்கும் பங்குண்டு. பென்னாகரம் வட்டத்தில் காவிரி பாறைகளுக்கிடையே பிளந்து விழும் ஒகேனக்கல் பல மொழிப் படங்களுக்குப் படப்பிடிப்பு இடமாக இருந்துள்ளது. நனைந்த உடை, வழுக்கும் பாறை, பரிசல் ஆகியவை இருவர் உடல் நெருங்குவதற்குக் கதைவழிக் காரணத்தைத் தருகின்றன. ஆடையைக் களையாமலே உடலைக் காட்ட அருவி உதவுவதால், தணிக்கை எல்லைக்குள் நின்று பாலுணர்வைக் குறிப்பால் தரும் இடமாகத் தென்னிந்தியத் திரைப்படம் அதனைப் பயன்படுத்தியது. 'யு' சான்றிதழ் பெற்ற குடும்பப் படத்தின் அருவிப் பாடலும் 'ஏ' படத்தின் குளியல் காட்சியும் பகிர்ந்துகொள்ளும் இலக்கணம் இது.

அருவியின் பேரிரைச்சலில் உரையாடலை நேரடியாகப் பதிவு செய்ய இயலாது. எனவே இங்கு எடுக்கப்படும் காட்சி எப்படத்தினதாயினும் பின்னணி ஒலியை நம்பியே அமைகிறது. குரல் உடலிலிருந்து பிரிவது குறைந்த முதலீட்டுப் படங்களின் குறைபாடு மட்டுமன்று, தென்னிந்தியத் திரைப்படத்தின் பொதுத் தன்மை என்பதை இக்களம் காட்டுகிறது.

இதற்கு மாறான பயன்பாடும் உண்டு. 1992இல் மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' படத்தில் நாயகியின் அறிமுகப் பாடலின் சில பகுதிகள் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டன. அங்கே இணை இல்லை. பெண்ணொருத்தி தன் விருப்பங்களைத் தானே சொல்லி மகிழ்கிறாள். ஒரே நீர், ஒரே பாறை. அது யாருடைய மகிழ்ச்சிக்காக வைக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

5. சேலம் ஏரியாவும் திரையரங்க ஒட்டும்

தமிழகத் திரைப்பட வணிகம் சென்னை நகரம், செங்கல்பட்டு, சேலம், கோவை, மதுரை, திருச்சி–தஞ்சை, நெல்லை எனப் பல ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேலம் ஏரியாவில் அடங்கும். புதிய பெரும்படத்தின் பிரிண்ட் முதலில் பெரிய ஊர்களுக்குச் செல்லும். சிற்றூர் அரங்குகள் தேய்ந்த பிரிண்டையோ, பழைய படத்தையோ, மொழிமாற்றுப் படத்தையோ நம்பியிருந்தன. குறைந்த வாடகைக்குக் கிடைத்த 'ஏ' படப்பெட்டி அவ்வரங்குகளுக்கு வருவாய் வழியாயிற்று. இவ்வணிக அமைப்பே இப்படங்களின் பரவலுக்கு அடிப்படை. குறிப்பிட்ட ஊர் மக்களின் ஒழுக்கம் அன்று.

படச்சுருள் காலத்தில் திரையிடும் அறையும் ஒரு தொகுப்பு அறையாக இயங்கியது. தணிக்கையான படத்தின் நடுவே தணிக்கை பெறாத துண்டொன்றைச் சேர்த்து ஓட்டுவது 'பிட்டு' எனப்பட்டது. கேரளத்தில் இதனைத் 'துண்டு' என்றனர். ஒரு நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில், இரண்டு நிமிடப் பிட்டு என்பது 2880 சட்டகங்கள், 180 அடிச் சுருள். அதனை வெட்டி ஒட்டவும், சோதனைக்கு அலுவலர் வந்தால் அகற்றவும் சில நிமிடங்கள் போதும். வங்கதேசத்தில் நிலவிய இத்தகைய வழக்கத்தை லாட்டே ஹூக் 2014இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார். மலையாள மென்பாலியல் படங்களைப் பற்றித் தர்ஷனா ஸ்ரீதர் மினியின் விரிவான நூல் 2024இல் வெளிவந்தது. தமிழகச் சிற்றூர் அரங்குகள் குறித்து இவற்றோடு ஒப்பிடத்தக்க ஆய்வு தேவைப்படுகிறது.

சான்றிதழ் பெற்ற படத்தில் பின்னர் மாற்றம் செய்தல் திரைப்படச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இதனை அரசின் சான்றிதழுக்கு இழைக்கப்பட்ட தீங்காகவே கண்டது. ஆனால் பிட்டு ஒட்டப்பட்டபோது பாதிக்கப்பட்டவர் மற்றொருவரும் உண்டு. முந்தைய காட்சியில் கதவைத் திறந்து உள்ளே சென்ற நடிகையின் முகமும், பிட்டில் வரும் பெயர் தெரியாத உடலும் பார்வையாளர் மனத்தில் ஒருவராகவே பதிந்தன. தாம் நடிக்காத, தாம் அறியாத காட்சிக்கு அந்நடிகை உரியவராக்கப்பட்டார். இயக்குநரும் அறியாத இணைவொன்றை ஒட்டு நாடா உருவாக்கியது.

2000களின் நடுப்பகுதியிலிருந்து டிஜிட்டல் திரையிடல் பரவியபோது இவ்வழக்கம் மறைந்தது. மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பில் திரையரங்க ஆபரேட்டர் வெட்டி ஒட்ட இயலாது. பிட்டு ஒழிந்தமைக்கு ஒழுக்க விழிப்புணர்வைவிடத் தொழில்நுட்ப மாற்றமே முதற்காரணம். அதே தொழில்நுட்பம் ஒட்டும் செயலைக் கைப்பேசிக்கு இடம்பெயர்த்தது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய போலிக் காணொளி பரவியமை, முகம் ஒன்று உடல் ஒன்று என்னும் பழைய உத்தியின் புதிய வடிவமே.

6. ஈர்ப்பும் இசைவும்

திரையில் ஈர்ப்பு மெய்யாகத் தெரிந்தால் நடிகரும் மனமுவந்து நடித்திருப்பர் என்னும் எண்ணம் பரவலானது. உலகத் திரைப்பட வரலாறு இதனை மறுக்கிறது. 1972இல் வெளிவந்த 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தின் வன்புணர்வுக் காட்சி குறித்த ஒரு விவரத்தை நடிகை மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதை இயக்குநர் பெர்தோலுச்சி 2013இல் ஒப்புக்கொண்டார். நடிகையாக அன்றிப் பெண்ணாக அவர் எதிர்வினை காட்ட வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். சத்துவம் மெய்யானதாக இருக்க வேண்டும் என்பதற்காக இசைவு பறிக்கப்பட்டது. 2013இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்தின் நாயகியர் இருவரும், நெருக்கக் காட்சிகள் எடுக்கப்பட்ட விதம் தமக்குத் துன்பம் தந்ததாகப் பின்னர்க் கூறினர். விமர்சகர் வியந்த ஒப்பு அங்கே களத்தில் இருந்த நிலையைக் காட்டவில்லை.

தென்னிந்தியாவிலும் இச்சிக்கல் ஆவணமாகியுள்ளது. மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் நீதிபதி ஹேமா தலைமையில் அமைத்த குழு 2019 இறுதியில் அறிக்கை அளித்தது. அது 2024 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது. முறையான ஒப்பந்தம் இன்மையும், நெருக்கக் காட்சிகளில் முன்கூட்டிச் சொன்னதற்கு மேல் நடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டமையும் அதில் பதிவாகியுள்ளன. இவை குறைந்த முதலீட்டுப் படங்களுக்கு மட்டும் உரிய குறைகள் அல்ல.

மாற்று வழிகள் உருவாகியுள்ளன. 2018இல் அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனம் 'தி டியூஸ்' தொடரில் நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளரை அமர்த்தியது. பாலியல் பட உலகையே கதைக்களமாகக் கொண்ட அத்தொடரில் நடித்த ஒரு நடிகை வைத்த கோரிக்கையே இதற்குத் தூண்டுதல். இந்தியாவில் 2022இல் வெளிவந்த 'கெஹ்ராயியான்' இந்திப் படத்தில் நெருக்கக் காட்சிகளுக்கெனத் தனி இயக்குநரின் பெயர் இடம்பெற்றது. எங்குத் தொடலாம், எது கூடாது, எந்த நிலையில் நிறுத்தலாம் என்பவை முன்னரே பேசி எழுதப்படுகின்றன. அசைவுகள் நடனம்போல் வகுக்கப்படுகின்றன. திட்டமிடல் ஈர்ப்பைக் குறைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் மறுப்பு. ஒத்திகை பார்த்து அமைத்த நடனம் உயிர்ப்பின்றிப் போவதில்லை என்பதை 'மூன்றாம் பிறை' பாடலே காட்டும்.

சட்டத்திலும் இடம் பிறந்துள்ளது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, தம் நற்பெயருக்குக் கேடு தரும் வகையில் தம் நடிப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையை நடிப்புக் கலைஞருக்கு அளிக்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படத்தையோ உருமாற்றிய படத்தையோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்திற்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சமூக ஊடகங்களைப் பணித்தன. பிட்டுக் காலத்து நடிகையருக்கு இவ்வுரிமைகளுள் எதுவும் கிடைக்கவில்லை. 1996இல் மறைந்த சில்க் ஸ்மிதா, தம்மைச் சுற்றி எழுந்த கதைகளுக்கு மறுமொழி கூற இயலாதவரானார். 2011இல் 'தி டர்ட்டி பிக்சர்' அவர் வாழ்விலிருந்து தூண்டுதல் பெற்றபோதும் அவ்வாழ்வைச் சொன்னவர்கள் பிறரே. ஷகீலா தன்வரலாறு எழுதித் தம் தரப்பைத் தாமே பதிவு செய்தார் என்பது இவ்வகையில் தனிக் கவனம் பெறத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. குறைந்த முதலீட்டு 'ஏ' படங்களில் காணப்படும் இணைப்பொருத்தம் நடிகரிடையே எழுந்ததன்று. முகம், உடல், குரல் ஆகியவற்றைத் தனித்தனியே பெற்று இணைத்த தயாரிப்பு முறையின் விளைவு.

2. மெய்ப்பாட்டியலின் நான்கு படிகளும் இப்படங்களில் வெவ்வேறு மனிதரிடையே பகிரப்படுகின்றன. எனவே சத்துவம் அகநிலைக்குச் சான்றாகாது. பத்து ஒப்புகளுள் உருவு மட்டும் எஞ்ச, அருளும் உணர்வும் விடுபடுகின்றன.

3. சேலம் ஏரியா போன்ற விநியோக அமைப்புகளில் திரையரங்கும் படைப்பில் பங்கேற்றது. பிட்டு ஒட்டும் வழக்கம் தணிக்கைக் குற்றம் என்பதோடு, நடிகையின் உருவத்தின்மீது நிகழ்ந்த அத்துமீறலுமாகும்.

4. ஈர்ப்பு மெய்யாகத் தோன்றுவது இசைவுக்குச் சான்றன்று. இசைவை உறுதி செய்வன எழுதப்பட்ட ஒப்பந்தம், ஒத்திகை, நிறுத்தும் உரிமை ஆகியவையே.

படச்சுருளைக் கையாண்ட ஆபரேட்டர்கள், விநியோக அலுவலகப் பணியாளர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள், பின்னணிக் குரல் கலைஞர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாறு விரைவில் தொகுக்கப்பட வேண்டும். அரங்குகள் பல திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவரும் நிலையில், அவர்தம் நினைவே இத்துறையின் எஞ்சிய ஆவணம். அத்தொகுப்பு, பழி சுமந்த நடிகையரின் பெயரோடு பிணைக்கப்பட்ட காட்சிகளுள் எவை அவர்களுடையவை, எவை அல்ல என்பதைப் பிரித்தறியவும் உதவும்.